ஒரு மான், ஒரு சீட்டு, ஒரு ஏணி: அமெரிக்கப் பொது நிலத்தில் எல்க் வேட்டையின் வரலாறு

வேட்டை என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ராஜா, யானை, பரிவாரம். இல்லாவிட்டால் தொப்பி வைத்த வெள்ளைக்காரத் துரை, காலடியில் செத்துக் கிடக்கும் புலி. இரண்டிலுமே வேட்டையாடுபவர் பெரிய மனிதர்தான். சாதாரண ஆள் காட்டில் ஒரு மானை அடித்தால் அவனுக்குப் பெயர் வேட்டைக்காரன் இல்லை, திருடன்.

அமெரிக்காவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஒரு லாரி டிரைவரோ பள்ளிக்கூட வாத்தியாரோ சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கொலராடோ மாநிலத்தின் மலைக்குப் போய், சட்டப்படி ஒரு எல்க் மானை வேட்டையாடி, கறியை வீட்டுக்குக் கொண்டுவரலாம். காடு தனியாருடையது இல்லை, அரசாங்கத்துடையது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் பிரம்மாண்டமான புறம்போக்கு!

இதற்கு அவர் மாதக்கணக்கில் திட்டம் போட வேண்டும். எந்த மாநிலம், எந்தப் பகுதி, வில்லா துப்பாக்கியா என்று முடிவு செய்ய வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பித்துக் குலுக்கலில் பெயர் வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். எது பொது நிலம், எது தனியார் நிலம் என்று வரைபடத்தைக் கரைத்துக் குடிக்க வேண்டும். முதலில் இதை ஒரு சுற்றுலாத் திட்டம் போலத்தான் நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு படிக்குப் பின்னாலும் ஒரு சட்டம், ஒரு சண்டை, சில இடங்களில் ரத்தமும் இருக்கிறது. அந்தப் படிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

ஐரோப்பாவில் 'எல்க்' என்றால் வேறு விலங்கு. அமெரிக்கர்கள் 'மூஸ்' என்று அழைக்கிறார்களே, தட்டையான கொம்புள்ள பெரிய மான், அதுதான் ஐரோப்பிய எல்க். அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆங்கிலேயர்கள் அங்கே இன்னொரு பெரிய மானைப் பார்த்துவிட்டு அதற்கும் எல்க் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த மானுக்கு 'வாபிடி' என்ற பூர்வகுடிப் பெயரும் உண்டு. வெள்ளைப் பின்புறம் உள்ளது என்று பொருள்.

இதே வேலையை ஆங்கிலேயர்கள் இலங்கையிலும் செய்தார்கள். நுவரெலியாப் பக்கம் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் போன்றவர்கள் அங்கிருந்த மரையை எல்க் என்றே எழுதினார்கள். நாம் கடமான் என்றும், குமரி மாவட்டத்தில் மிளா என்றும் சொல்கிறோமே, அதே விலங்குதான். நுவரெலியா அருகில் 'எல்க் பிளெயின்ஸ்' என்ற இடம் இன்றும் இருக்கிறது. பெரிய மானைப் பார்த்தால் எல்க் என்று சொல்வது அவர்களுக்கு ஒரு வியாதி போல!

ஒரு கோடியிலிருந்து ஒரு லட்சத்துக்கு

ஐரோப்பியர்கள் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி எல்க் மான்கள் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஞ்சியது ஒரு லட்சத்துக்கும் கீழே. கிழக்குப் பகுதியில் வாழ்ந்த எல்க் வகை 19-ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோனது.

காரணம் சந்தை. கறியும் தோலும் விலைக்குப் போயின. ரயில் வந்ததும் தூரத்து நகரச் சந்தைகளும் பக்கத்தில் வந்துவிட்டன. காடு திறந்து கிடந்தது, அடித்தவனுக்கு மான் சொந்தம். பொருளியல் வகுப்பில் 'பொதுச்சொத்தின் சோகம்' என்று ஒரு பாடம் வரும். யாருக்கும் சொந்தமில்லாததை எல்லோரும் அள்ளுவார்கள், யாரும் காக்க மாட்டார்கள் என்பது அதன் சாரம். எல்க் மான் அதற்கு நேரடி உதாரணம்.

இதில் ஒரு விசித்திரமான சரக்கும் இருந்தது: பல். எல்க் மானின் மேல்தாடையில் இரண்டு தந்தப் பற்கள் உண்டு. 1868-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட 'எல்க்ஸ்' என்ற சகோதரச் சங்கத்தின் உறுப்பினர்கள் அந்தப் பல்லைக் கடிகாரச் சங்கிலியில் சின்னமாக மாட்டிக்கொண்டார்கள். பல்லுக்குக் கிராக்கி ஏறியது. இரண்டே இரண்டு பல்லுக்காக மானைக் கொன்று உடலை அப்படியே விட்டுப் போனவர்கள் உண்டு. முந்நூறு கிலோ மிருகம், இரண்டு பல்! மானின் பெயரைத் தாங்கிய சங்கமே மானுக்கு எமனாக வந்தது.

மான் யாருடைய சொத்து?

இங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது. 1896-இல் 'கியர் எதிர் கனெக்டிகட்' என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காட்டு விலங்குகள் மக்கள் அனைவருக்கும் சொந்தம், மாநில அரசு அவற்றை மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கருத்தை நிலைநாட்டியது. அந்தத் தீர்ப்பு 1979-இல் மாற்றப்பட்டுவிட்டாலும், காட்டு விலங்குகளை நிர்வகிப்பது மாநிலத்தின் பொறுப்பு என்ற நடைமுறை நிலைத்துவிட்டது.

இங்கிலாந்தில் மான் நிலக்காரருக்கோ அரசருக்கோ உரியது என்ற மரபு இருந்தது. அமெரிக்காவில் அது மாறியது. நிலம் உங்களுடையதாக இருக்கலாம், அதில் மேயும் மான் உங்களுடையது இல்லை! ஆகவே சொந்த நிலத்திலேயே சுடுவதானாலும் மாநிலத்தின் அனுமதி வேண்டும்.

அடுத்து 1900-இல் லேசி சட்டம். சட்டவிரோதமாகக் கொல்லப்பட்ட விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவது மத்தியக் குற்றமானது. மாநிலங்களும் வேட்டைக்கறி விற்பனையைத் தடை செய்தன. இன்றும் அமெரிக்கக் காட்டில் அடித்த எல்க் கறியைச் சாப்பிடலாம், சொந்தக்காரருக்குக் கொடுக்கலாம், விற்க முடியாது. கடையிலும் உணவகத்திலும் கிடைக்கும் எல்க் கறி பண்ணையில் வளர்த்தது. வணிகவியல் மாணவனாக எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. மானைக் காப்பாற்ற அவர்கள் முதலில் செய்தது வேட்டையை நிறுத்துவது அல்ல, வியாபாரத்தை நிறுத்துவது.

பிறகு மிச்சமிருந்த மான்களை வைத்துப் பெருக்க ஆரம்பித்தார்கள். 1912-இல் வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் பள்ளத்தாக்கில் தேசிய எல்க் சரணாலயம் உருவானது. யெல்லோஸ்டோன் பகுதி மான்கள் ரயிலேறி மற்ற மாநிலங்களுக்குப் போயின. அரிசோனாவுக்கும் பென்சில்வேனியாவுக்கும் 1913-இல் அப்படி வந்திறங்கின. மான்களை அழிக்க உதவிய அதே ரயில்! 1997 முதல் 2002 வரை கென்டக்கி மாநிலம் மேற்கிலிருந்து 1500-க்கும் மேற்பட்ட எல்க் மான்களைக் கொண்டுவந்து, பழைய நிலக்கரிச் சுரங்க நிலங்கள் உள்ள பகுதியில் விட்டது. இன்று மொத்த எண்ணிக்கை சுமார் 10 லட்சம்.

இவ்வளவு புறம்போக்கு எப்படி வந்தது?

1785-இல் ஒரு நில அளவைச் சட்டம் போட்டார்கள். நாட்டை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 36 துண்டுகளாக வெட்டுவது. ஒரு துண்டு ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். மலையா ஆறா என்று பார்க்காமல் போட்ட கோடு இது. 1862-இல் வந்த குடியேற்றச் சட்டம், ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் என்று கொடுத்தது. அதே வருடம் ரயில் பாதை போடும் கம்பெனிகளுக்கு, பாதையின் இருபுறமும் ஒன்றுவிட்டு ஒரு துண்டாக நிலம் தரும் சட்டமும் வந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏணிக் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தண்ணீர் உள்ள நல்ல நிலமெல்லாம் போய்விட்டது. மலை, பாறை, வறண்ட புதர்க்காடு மட்டும் யாரும் கேட்காமல் அரசாங்கத்திடமே தங்கிவிட்டது. 1891-இல் குடியரசுத் தலைவர் காடுகளைக் காப்புக்காடாக ஒதுக்கலாம் என்று சட்டம் வந்தது. 1905-இல் கிஃபோர்ட் பின்ஷோ தலைமையில் வனச் சேவைத் துறை அமைந்தது. 1907-இல் மேற்கு மாநில உறுப்பினர்கள் தங்கள் மாநிலங்களில் புதிய காப்புக்காடு கூடாது என்று ஒரு மசோதாவில் விதி சேர்த்தார்கள். தியோடர் ரூஸ்வெல்ட் அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவசர அவசரமாக 1 கோடியே 60 லட்சம் ஏக்கரைக் காப்புக்காடாக அறிவித்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போட்டார். பலே ஆள்தான்!

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பின்ஷோவுக்கு வழிகாட்டியவர் டீட்ரிச் பிராண்டிஸ். ஜெர்மானியரான இவர் பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரி. நம் காடுகளில் கற்ற பாடத்தோடு ஓய்வுபெற்று ஜெர்மனி திரும்பியவரிடம்தான் இளைஞர் பின்ஷோ போய் ஆலோசனை கேட்டார். இந்தியக் காப்புக்காடும் அமெரிக்கத் தேசியக் காடும் தூரத்து உறவினர்கள் என்றே சொல்லலாம்.

இன்று வனச் சேவைத் துறையிடம் சுமார் 19 கோடி ஏக்கர், 1946-இல் அமைந்த நில நிர்வாகத் துறையிடம் சுமார் 24 கோடி ஏக்கர். ஒரு விசித்திரம் கவனியுங்கள். இந்த நிலம் மத்திய அரசுடையது, அதில் மேயும் மான் மாநில அரசின் பொறுப்பு. இரண்டின் விதிகளையும் வேட்டைக்காரர் படித்தாக வேண்டும்.

தோட்டாவில் ஒளிந்திருக்கும் வரி

1937-இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. நீண்ட துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் கலால் வரி (இன்று 11 சதவீதம்) பொதுக் கஜானாவில் கரையாமல், காட்டு விலங்குப் பாதுகாப்புக்கு மட்டுமே போகும். கைத்துப்பாக்கி, வில் அம்பு எல்லாம் பிற்பாடு சேர்ந்தன. மாநிலம் ஒரு திட்டத்துக்கு 25 ரூபாய் போட்டால் இந்த நிதியிலிருந்து 75 ரூபாய் வரும். ஒரு நிபந்தனை உண்டு: வேட்டை உரிமக் கட்டணமாக வசூலிக்கும் பணத்தை மாநிலம் வேறு எதற்கும் திருப்பக்கூடாது. ரோடு போட எடுத்தால் மத்தியப் பணம் நின்றுவிடும்.

கணக்கியலில் தனி நிதி என்று படிக்கிறோம் அல்லவா, அதுதான் இது. 1937 பெருமந்தக் காலம், கையில் காசில்லாத மாநிலங்கள் அந்தப் பணத்தின் மேல் கண் வைக்காமலா இருந்திருக்கும்? அதற்குத்தான் இந்தப் பூட்டு.

குலுக்கலும் புள்ளியும்

மான் குறைவு, ஆசைப்படுபவர்கள் அதிகம். எப்படிப் பங்கு போடுவது? ஏலம் விட்டால் பணக்காரருக்கே எல்லாம் போகும். அதனால் பெரும்பாலும் குலுக்கல். கொலராடோவில் முக்கியக் குலுக்கலுக்கு ஏப்ரல் தொடக்கத்தில் கடைசித் தேதி, வில்வேட்டை செப்டம்பரில், துப்பாக்கி வேட்டை அக்டோபர், நவம்பரில். கிடைக்காவிட்டால் ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும், அடுத்த வருடம் வரிசையில் முன்னால் நிற்கலாம். ஆனால் எல்லோரும் புள்ளி சேர்க்கிறார்களே! நல்ல பகுதிகளுக்குத் தேவையான புள்ளி வருடா வருடம் ஏறுகிறது. பணவீக்கம் மாதிரி புள்ளிவீக்கம். சில இடங்களுக்கு இருபது வருடப் புள்ளியும் போதாது.

குலுக்கல் இல்லாமல் நேராகக் கவுன்ட்டரில் வாங்கும் சீட்டும் உண்டு. ஆனால் அது சுருங்கிக்கொண்டே வருகிறது. கொலராடோவின் மேற்குப் பகுதியில் வெளிமாநிலத்தார் வில்வேட்டைச் சீட்டை அப்படி வாங்கும் வசதி 2025 முதல் நிறுத்தப்பட்டது.

வெளிமாநிலத்தாருக்குக் கட்டணமும் பல மடங்கு. இதை எதிர்த்து மொன்டானா மாநிலத்தின் மேல் வழக்கே நடந்தது. அங்கே உள்ளூர்க்காரருக்கு எல்க் உரிமம் 9 டாலர், வெளியூர்க்காரர் 225 டாலருக்குக் கூட்டு உரிமம் வாங்க வேண்டும். 25 மடங்கு! 1978-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பொழுதுபோக்கு வேட்டை அடிப்படை உரிமை அல்ல, மானைப் பராமரிக்க வரி கட்டும் உள்ளூர்க்காரருக்குச் சலுகை தரலாம் என்பது வாதம். நிலம் நாடு முழுவதற்கும் பொது, மானில் மட்டும் உள்ளூர்க்காரருக்கு முதல் பந்தி.

மூலையில் ஒரு ஏணி

இப்போது ரயில் கம்பெனிக் கதைக்குத் திரும்புவோம். ஒன்றுவிட்டு ஒரு துண்டு கொடுத்ததால் நிலம் சதுரங்கப் பலகையாகிவிட்டது. கறுப்புக் கட்டம் அரசு, வெள்ளைக் கட்டம் தனியார். ஒரு கறுப்புக் கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, பிஷப் காய் மாதிரி மூலைவிட்டத்தில் நகர வேண்டும். மூலை என்பது ஒரு புள்ளி. அதைத் தாண்டும்போது உங்கள் தோள் ஒரு விநாடி தனியார் நிலத்தின் ஆகாயத்தில் இருக்கும். அது அத்துமீறலா?

2020-இலும் 2021-இலும் மிசௌரி மாநிலத்திலிருந்து வந்த சில வேட்டைக்காரர்கள் வயோமிங்கில் எல்க் மௌன்டன் என்ற மலைப் பகுதியில் இப்படித் தாண்டினார்கள். மூலையில் இரண்டு கம்பங்களை நட்டுச் சங்கிலி போட்டிருந்தது. இரண்டாம் முறை வரும்போது ஒரு இரும்பு ஏணியைச் செய்து எடுத்து வந்தார்கள். தனியார் மண்ணில் கால் படாமல், இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்கள். நிலக்காரர் வழக்குப் போட்டார், 70 லட்சம் டாலருக்கு மேல் நிலமதிப்பு குறைந்துவிட்டது என்று ஒரு கட்டத்தில் கணக்குக் காட்டினார்.

குற்ற வழக்கில் 2022-இல் ஜூரி விடுதலை செய்தது. சிவில் வழக்கில் 2023-இல் மாவட்ட நீதிமன்றமும், 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லின. அடிப்படை 1885-இல் வந்த ஒரு சட்டம். மாட்டுப்பண்ணை முதலாளிகள் பொது நிலத்தை வேலி போட்டு வளைத்ததைத் தடுக்க வந்த சட்டம், 140 வருடம் கழித்து ஒரு ஏணிக்குத் துணை நின்றது! 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்ததால் அந்தத் தீர்ப்பு நிலைத்தது. ஆனால் அது வயோமிங், கொலராடோ, யூட்டா உட்பட ஆறு மாநிலங்களுக்குத்தான். மொன்டானா போன்ற இடங்களில் கேள்வி அப்படியே நிற்கிறது.

கணக்கில் வராத உரிமையாளர்கள்

இதுவரை படித்தால் அமெரிக்கர்கள் எவ்வளவு நியாயமானவர்கள் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் "மான் மக்கள் அனைவருக்கும் சொந்தம்" என்றபோது அந்த மக்களில் யார் இருந்தார்கள்?

1868-இல் பானக், ஷோஷோனி இனத்தாருடன் அமெரிக்க அரசு ஒப்பந்தம் செய்தது. அவர்கள் பெரும்பாலான நிலத்தை விட்டுக்கொடுத்து ஒதுக்கிடத்துக்குப் போவார்கள், பதிலாக, யாரும் குடியேறாத அரசு நிலத்தில் வேட்டையாடும் உரிமை இருக்கும் என்று. 1890-இல் வயோமிங் மாநிலமானது, வேட்டைச் சட்டம் போட்டது. பணக்கார வேட்டைக்காரர்களை அழைத்து வந்து சம்பாதித்த ஜாக்சன் பள்ளத்தாக்குக் குடியேறிகளுக்குப் பூர்வகுடிகள் எல்க் அடிப்பது பிடிக்கவில்லை. 1895 ஜூலையில் அவர்கள் ஆயுதத்தோடு போய் ஒரு பானக் கூட்டத்தைக் கைது செய்தார்கள். தப்பி ஓடியவர்கள் மேல் சுட்டார்கள், ஒரு முதியவர் இறந்தார்.

பிறகு ரேஸ் ஹார்ஸ் என்ற பானக் வேட்டைக்காரர் ஏழு எல்க் மான்களைக் கொன்றதாக வழக்கு. மாநிலம் உருவானதால் ஒப்பந்த உரிமை போய்விட்டது என்று 1896-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வருடத்தைக் கவனித்தீர்களா? மான் எல்லோருக்கும் சொந்தம் என்று சொன்ன அதே 1896!

அது திருத்தப்பட 123 வருடம் ஆனது. 2014-இல் க்ரோ இனத்தைச் சேர்ந்த ஒருவர் எல்க் கூட்டத்தைத் தொடர்ந்து மொன்டானாவிலிருந்து எல்லை தாண்டி, வயோமிங்கின் பிக்ஹார்ன் தேசியக் காட்டில் வேட்டையாடினார். குடும்பத்துக்குக் கறி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநிலம் உருவானதால் மட்டும் ஒப்பந்த உரிமை அழிந்துவிடாது என்று 2019-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்.

நம்ம ஊரிலும் இதே கதையின் இன்னொரு வடிவம் உண்டு. 1879-இல் நீலகிரிக்கு ஒரு வேட்டைச் சட்டம் வந்தது. துரைமார் உரிமம் வாங்கிக் கடமான் அடித்தார்கள், தலைமுறையாக அங்கே இருந்த மலைவாசிகளுக்குக் காடு அந்நியமானது. நாம் பிறகு வேறு பாதையில் போனோம். 1972 சட்டமும் 1991 திருத்தமும் வேட்டைக்கே முற்றுப்புள்ளி வைத்தன. நம் மக்கள்தொகைக்கு அதுதான் சரி என்பது என் எண்ணம். ஆனால் காட்டில் வாழ்பவரின் உரிமையை நாம் சட்டமாக எழுத 2006 ஆகிவிட்டது. தாமதத்தில் இரண்டு நாடும் ஒன்றுதான்.

மறுபடி அந்தத் திட்டம்

குலுக்கலில் பெயர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மலையில் பத்தாயிரம் அடி உயரம், நம் தொட்டபெட்டாவைவிட அதிகம். மூச்சு வாங்கும், ஆகவே மாதக்கணக்கில் நடந்து பழக வேண்டும். மான் விழுந்தால் எலும்பு நீக்கிய பிறகும் 80, 90 கிலோ கறி. முதுகில் சுமந்து நாலைந்து நடை போக வேண்டும், வெயிலில் கெட்டுப்போவதற்குள். நல்ல கறியை விட்டுவிட்டு வந்தால் குற்றம். பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு போன காலத்துக்கு அந்த விதி ஒரு பதில்.

பெரும்பாலானோர் மான் கிடைக்காமல்தான் திரும்புகிறார்கள். ஆனாலும் அந்த நிலத்தை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. 2025 ஜூனில் அமெரிக்க செனட்டில் 20, 30 லட்சம் ஏக்கர் பொது நிலத்தை விற்க மைக் லீ ஒரு திட்டம் கொண்டுவந்தார். சூழலியலாளர்களோடு சேர்ந்து, அவர் கட்சிக்கே ஓட்டுப் போடும் வேட்டைக்காரர்களும் எதிர்த்து நின்றார்கள். மாதம் முடிவதற்குள் திட்டம் திரும்பப் பெறப்பட்டது.

எனக்குத் துப்பாக்கியில் ஆசை கிடையாது, மான் கறியும் சாப்பிட்டதில்லை. ஆனால் அந்த ஏணி மட்டும் மனதில் நிற்கிறது. பொதுச் சொத்து என்று காகிதத்தில் எழுதிவிட்டால் மட்டும் போதாது போலிருக்கிறது. சாமானியன் அங்கே போய்ச் சேர ஒரு வழியும் வேண்டும், அந்த வழியை அடைத்தால் கேட்க ஆளும் வேண்டும். கூடவே, அந்தச் சொத்து யாரிடமிருந்து வந்தது என்ற கணக்கையும் மறக்காமல் எழுதி வைக்க வேண்டும்.